கறுப்புத் திரையில் படம் காட்டுவது

வங்கிக் கதை கேட்க வந்தவர்கள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளவும். இது பொட்டி தட்டுகிற மேட்டர். ஆனாலும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கௌண்டருக்குத்தான் வந்து சேருவேன், நம்பலாம். நான் வெறும் பி.காம். கம்ப்யூட்டர் எனக்குப் படிப்பும் இல்லை, பிழைப்பும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வியாதி. நாக்பூரில் மே மாதத்து ஞாயிறு மதியம் 45 டிகிரியில் வெளியே தலைகாட்ட முடியாது என்பதால், இங்கே மாற்றலாகி வந்தபிறகு அந்த வியாதி முற்றிவிட்டது.

விஷயம் இதுதான். லினக்ஸ் பழகியவர்களிடையே அவ்வப்போது ஒரு வித்தை தலைதூக்கும். டெர்மினல் என்கிற அந்தக் கறுப்பு எழுத்துத் திரை இருக்கிறதே, அதற்குள்ளேயே மவுஸ் வைத்துக் கிளிக் செய்கிற முழு கிராஃபிக்ஸ் மென்பொருளை ஓட்டிக் காட்டுவது. ரொம்ப வருஷம் முன்னால் ஏஏலிப், லிப்காகா என்று இரண்டு இருந்தன. எம்ப்ளேயரில் சினிமா போட்டால் ஹீரோ முகம் முழுக்க நட்சத்திரக் குறியும் கமாவுமாக ஓடும். ஹாஸ்டல் பசங்களுக்கு அது போதும். பிறகு 2018-ல் பிரௌஷ் வந்தது, டெர்மினலுக்குள் ஃபயர்ஃபாக்ஸ். 2023-ல் கார்போனில், டெர்மினலுக்குள் குரோமியம். 2025-ல் டெர்ம்.எவ்ரிதிங் என்று ஒன்று. பெயரிலேயே இருக்கிறது, பிரௌசர் மட்டுமில்லை, எதை வேண்டுமானாலும் டெர்மினலுக்குள் ஓட்டலாம் என்று.

இந்தக் கடைசி ஆசாமியை இறக்கி, ஒரு கால்குலேட்டரை ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது! மவுஸை எழுத்துக் கட்டங்களின் மேல் நகர்த்தி 7-ஐ அமுக்கினால் 7 விழுகிறது. பெருமையாகத் தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதான் மொபைல்லயே கால்குலேட்டர் இருக்கே?" என்றார். :-)

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். வித்தை பிரமாதம். எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் இது போகிற திசை தப்பு.

வித்தை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். லினக்ஸில் இப்போது பரவலாகிவிட்ட வேலண்ட் முறையில், ஒவ்வொரு மென்பொருளும் தன் ஜன்னலைத் தானே மெமரியில் ஒரு படமாக வரைந்து, கம்பாசிட்டர் என்கிற மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிடும். அதை எங்கே ஒட்டுவது, எது மேலே எது கீழே என்பதெல்லாம் மேஸ்திரி பாடு. மென்பொருளுக்கு மானிட்டர் என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது. இங்கேதான் ஆள் மாறாட்டம் நடக்கிறது. மேஸ்திரி இருக்க வேண்டிய இடத்தில் நம் ஆள் உட்கார்ந்துகொண்டு, வந்த படத்தை மானிட்டருக்கு அனுப்பாமல் எழுத்துகளாக மாற்றி டெர்மினலில் அச்சடிக்கிறார். டெர்மினலில் நீங்கள் தட்டும் கீயையும் மவுஸ் அசைவையும் வாங்கி மென்பொருளுக்குத் திருப்பி அனுப்புகிறார். நடுவில் தரகர்.

படத்தை எழுத்தாக மாற்றுவது எப்படி? டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. யூனிகோடில் கட்டத்தின் மேல்பாதியை மட்டும் நிரப்புகிற ஒரு குறி இருக்கிறது. எழுத்துக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு நிறம் கொடுத்தால் ஒரே கட்டத்தில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. 1978-ல் டெக் கம்பெனி விட்ட விடி100 காலத்திலிருந்து டெர்மினலின் வழக்கமான அளவு 80க்கு 24. ஆக உங்களிடம் இருப்பது 80 புள்ளி அகலம், 48 புள்ளி உயரம்.

இனி நம்ம தொழில், கணக்கு. 640க்கு 480 அளவுள்ள ஒரு சின்ன ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 80க்கு 48-ல் அடைத்தால், 8 புள்ளி அகலம் 10 புள்ளி உயரமுள்ள ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு புள்ளியாகச் சுருங்கும். எட்டுக்குப் பத்து என்பது ஏறக்குறைய ஒரு சின்ன ஆங்கில எழுத்தின் அளவு. அதாவது ஜன்னலில் இருந்த ஒரு முழு எழுத்து இங்கே ஒரு வண்ணப் பொட்டாகிவிடுகிறது. அந்தப் பொட்டை வைத்திருக்கும் கட்டமோ, சும்மா விட்டிருந்தால் ஒரு முழு எழுத்தைத் தெளிவாகக் காட்டியிருக்கும்! எழுத்துக்கென்றே கட்டிய வீட்டில் எழுத்தைத் தவிர மற்றவர்களைக் குடிவைத்த கதை.

எழுத்தைச் சின்னதாக்கி டெர்மினலைப் பெரிதாக்கலாம். சரி, 200க்கு 50 என்று வைத்துக்கொள்வோம். 10,000 கட்டம், 20,000 புள்ளி. அசல் படமாகவே அனுப்பினால் புள்ளிக்கு 3 பைட் வீதம் 60,000 பைட். எழுத்தாக மாற்றினால்? ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் "இந்த நிறம்" என்று ஒரு கட்டளை எழுத வேண்டும், அதிகபட்சம் 19 பைட். பின்னணிக்கு இன்னொரு 19. அந்தக் கட்டைக் குறிக்கு யூடிஎஃப்-8-ல் 3. மொத்தம் 41. பத்தாயிரம் கட்டத்துக்கு 4 லட்சத்துச் சொச்சம் பைட். சுருக்கிக் கட்டுவதையும், மாறாத கட்டத்தை விட்டுவிடும் சாமர்த்தியத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். அந்தச் சலுகை படத்துக்கும்தான் உண்டு. ஆக, படத்தைப் படமாக அனுப்புவதைவிட எழுத்து வேஷம் கட்டி அனுப்புவது ஏறக்குறைய ஏழு மடங்கு செலவு. "டெர்மினல் லேசானது, அதனால் எல்லாவற்றையும் டெர்மினலுக்குள் கொண்டுவருவோம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டவும்.

(சிக்ஸெல், கிட்டி புரோட்டோகால் என்று டெர்மினலுக்கே நிஜமான படம் காட்டச் சொல்லித்தரும் முறைகளும் உண்டு. சிக்ஸெல் 1980களில் அதே டெக் கம்பெனி கொண்டுவந்தது. விண்டோஸ் டெர்மினலே 1.22 பதிப்பிலிருந்து அதைப் புரிந்துகொள்கிறது. தெளிவு நன்றாக இருக்கும். ஆனால் அப்போது அது எழுத்துத் திரையே இல்லை, எழுத்துத் திரையின் சட்டையைப் போட்ட மானிட்டர்.)

லேசான லைன் என்றால் என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 2009 வாக்கில் கட்சிரோலி மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தேன். மாடியில் விசாட் குடை. சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே போய் அதே அளவு கீழே இறங்க வேண்டும். பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். ஒளி வேகத்திலேயே போனாலும் அரை விநாடி அதிலேயே காலி. எங்களுக்குக் கிடைத்தது 64 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 8,000 பைட். அதில் நான்கு கௌண்டர் ஓடியது, ஏனென்றால் மென்பொருள் எழுத்துத் திரை. 80க்கு 24 என்றால் ஒரு திரை முழுக்க 1,920 எழுத்து. கால் விநாடியில் வந்து இறங்கிவிடும். அன்றைக்கு 1024க்கு 768 திரையைச் சுருக்காமல் படமாக அனுப்பியிருந்தால் ஒரு திரைக்கு ஐந்து நிமிஷம். வெளியே மூங்கில் கூலி வாங்க வந்தவர்கள் வரிசை தெருமுனைவரை நிற்கும். எங்கள் கேஷியர், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தவர், திரையைப் பார்க்காமலேயே கணக்கு எண், டேப், தொகை, டேப், எஃப்10 என்று தட்டிக்கொண்டே வாடிக்கையாளர் மகள் கல்யாணம் விசாரிப்பார். திரை அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேகம் இல்லை. லைன் எல்லாம் இப்போது நன்றாகிவிட்டது. வேகத்துக்காக டெர்மினலைக் கட்டிக்கொண்டு அழுவது, ஃபில்டர் காபி டபராவுக்காகக் கும்பகோணத்தையே இங்கே கொண்டுவரச் சொல்வது மாதிரி.

சொல்ல வந்தது வேறு. லோன் கேட்டு வருகிற சிலர், ஸ்டேட்மெண்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். "எல்லாம் தெளிவாத்தான இருக்கு சார்" என்பார்கள். கண்ணுக்குத் தெளிவுதான். கூட்டிப் பார்க்க முடியுமா? எக்ஸெலில் ஒட்ட முடியுமா? குறிப்பிட்ட பார்ட்டியின் பெயரைத் தேட முடியுமா? முடியாது. நான் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகத் திரும்ப அடிக்க வேண்டும். ஸ்டேட்மெண்ட் மாதிரி தெரிகிற படத்துக்கும் ஸ்டேட்மெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அது.

எழுத்துத் திரையின் பலம் பழமையும் இல்லை, வேகமும் இல்லை. அதில் தெரியும் 5 நிஜமாகவே 5. கண் மட்டுமில்லை, இன்னொரு மென்பொருளும் அதைப் படிக்கலாம், தேடலாம், கூட்டலாம், ஆடிட்டுக்கு எடுத்து வைக்கலாம். கிராஃபிக்ஸ் மென்பொருளைப் பொட்டுப் பொட்டாக அதற்குள் அடைத்தால், திரை முழுக்க எழுத்து, ஆனால் ஒன்றுகூட எழுத்து இல்லை. கால்குலேட்டர் விடையை மவுஸால் இழுத்துக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். வரிசையாகப் பாதிக் கட்டைகள் வந்து விழும்.

இது யாருக்கு வலிக்கும் என்று கேட்டால், இப்போது கௌண்டருக்கு வருகிறேன்.

எங்கள் கிளையில் பார்வையில்லாத ஒரு சகா இருக்கிறார். நாங்கள் எல்லோரும் பாவு என்றுதான் கூப்பிடுவோம். மராத்தியில் அண்ணன், தம்பி இரண்டுக்கும் அதுதான். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு நிறுவனங்களின் பணியிடங்களில் 4 சதவீதம் ஒதுக்கீடு, அதில் 1 சதவீதம் பார்வைக்குறைபாடு உள்ளவர்களுக்கு. அவர் அதற்கெல்லாம் முன்னாலேயே 1995 சட்டத்தின் கீழ் வந்தவர். பரீட்சை எழுதி, என்னைவிட நல்ல மார்க்கில்.

எழுத்துத் திரை இருந்தவரை அவர் எங்களில் ஒருவர். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வார். ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும், நமக்கு வெறும் கொசு சத்தமாகக் கேட்கும் வேகத்தில். ஜாஸ் என்கிற பிரபல ஸ்கிரீன் ரீடரே 1989-ல் டாஸ் காலத்து எழுத்துத் திரைக்காகப் பிறந்ததுதான். கட்டம் போட்ட நோட்டில் எழுத்து இருக்கிறது, படிக்கிறது, அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபர் வவுச்சர், ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன், பேலன்ஸ் விசாரணை எல்லாம் பாவு டேபிளில்தான். எந்த வரியில் எந்த விவரம் என்று அவருக்கு மனப்பாடம். மாதக் கடைசியில் சஸ்பென்ஸ் கணக்கில் ஒத்துப்போகாத என்ட்ரியைத் தேடிப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பிறகு மேலிடத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். கிளைக் கம்ப்யூட்டர்களில் எதுவும் இருக்கக்கூடாது, மென்பொருள் டேட்டா சென்டரிலேயே ஓடும், கிளைக்கு அதன் படம் மட்டும் வரும். பாதுகாப்புக் காரணம். காரணம் நியாயமானதுதான், அதைக் குறை சொல்லவில்லை. வைரஸ் தொல்லை போச்சு, பென் டிரைவ் தொல்லை போச்சு. திரையும் கலர் கலராக அழகாகிவிட்டது. திங்கட்கிழமை காலை பாவு ஹெட்ஃபோன் மாட்டினார். ஸ்கிரீன் ரீடர் ஜன்னலின் தலைப்பை ஒரு தடவை சொன்னது. பிறகு மௌனம். டேப் அடித்தார். மௌனம். "சர், திரையில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். முழுத் திரையும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஐ.டி. பிரிவுக்கு போன் போட்டோம். எதிர்முனையில் இருந்தவர் நல்ல பையன், பொறுமையாகக் கேட்டார், தன் மெஷினிலிருந்து எங்கள் திரையை எடுத்துப் பார்த்தார். "சார், ஸ்கிரீன்ல எல்லாம் கரெக்டா தெரியுதே!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

டெர்மினலுக்குள் கிராஃபிக்ஸ் ஓட்டுவதும் இதுவும் ஒரே ரகம் என்பது இப்போது தெரிந்திருக்கும். இரண்டிலும் எங்கோ ஓடுகிற மென்பொருளின் வெளித்தோற்றம் மட்டும் வந்து சேர்கிறது, உள்ளே இருக்கும் விவரம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒன்று விளையாட்டு, ஒன்று வேலை. விளையாட்டாகச் செய்பவர்களை நான் திட்டவில்லை. ஆனால் டெர்மினல் என்பது பார்வையில்லாதவர்கள் நம்மோடு சரிசமமாக உட்கார்ந்த கடைசி பெஞ்ச். அங்கேயும் போய் படம் காட்ட வேண்டுமா என்பதுதான் என் ஆதங்கம்.

இதில் ஒரு கொடுமை கேளுங்கள். பாதிக் கட்டையைவிட நுணுக்கமாக வரைய வேண்டுமென்றால் இந்த வித்தைக்காரர்கள் பயன்படுத்துவது எதைத் தெரியுமா? பிரெய்ல் எழுத்துகளை! யூனிகோடில் எட்டுப் புள்ளி பிரெய்லுக்கு 256 வடிவங்கள் உண்டு. இரண்டு பத்தி, நான்கு வரிசை. கட்டத்துக்கு இரண்டு புள்ளிக்குப் பதில் எட்டுப் புள்ளி கிடைக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டார்கள். லினக்ஸ் டெர்மினலோடு பிரெய்ல் டிஸ்ப்ளே கருவியை இணைக்கலாம், விரலால் தடவிப் படிக்கலாம். 80 கட்டமுள்ள கருவி என்றால் டெர்மினலின் ஒரு முழு வரி. அந்த விரலுக்கு அடியில் இந்தப் படம் வந்தால் அத்தனையும் பிரெய்ல் எழுத்து, ஒரு வார்த்தைகூட இல்லை. பார்க்கிறவர்களுக்குக் கோட்டோவியம், படிக்கிறவருக்குக் குப்பை.

இந்த இடத்தில் டி.வி. ராமனைச் சொல்லாமல் போனால் பாவம். 14 வயதில் பார்வை போனவர். பூனா பல்கலைக்கழகத்தில் கணிதம், மும்பை ஐ.ஐ.டி., பிறகு கார்னெலில் முனைவர் பட்டம். 1995-ல் ஈமாக்ஸ்பீக் என்று ஒன்றை வெளியிட்டார். ஈமாக்ஸ் என்கிற எழுத்துத் திரை மென்பொருளைப் பேசவைப்பது. அவர் வாதம் என்னைப் போன்ற காமர்ஸ் மண்டைக்கும் புரிகிற வாதம். ஸ்கிரீன் ரீடர் திரையில் என்ன வரையப்பட்டிருக்கிறது என்று பின்னாலிருந்து ஊகிக்கிறது. அதற்குப் பதில் மென்பொருளுக்குத்தான் தன்னிடம் இருப்பது என்ன என்று தெரியுமே, அதுவே பேசட்டுமே என்றார். காலண்டரைக் கட்டம் கட்டமாகப் படிக்காமல் "இன்று இன்ன தேதி, இன்ன கிழமை" என்று சொல்லட்டுமே. திரை என்பது விவரத்தைக் காட்ட ஒரு வழி. ஒரே வழி இல்லை.

எதிர்க்கட்சி வாதத்தையும் வைக்க வேண்டும். மூன்று இருக்கிறது, முதல் இரண்டை சீக்கிரம் முடித்துவிடலாம். ஒன்று, எஸ்எஸ்எச் மட்டும் திறந்திருக்கும் தூரத்து சர்வரில் ஒரே ஒரு வரைபடத்தை எட்டிப் பார்க்க வேண்டும், வேறெதையும் நிறுவ அனுமதி இல்லை. தாராளமாக எட்டிப் பாருங்கள், அதற்கு இது அருமையான ஜன்னல். இரண்டு, சும்மா ஜாலிக்கு. ஜாலிக்கு என்று சொல்லிவிட்டால் பேச்சே இல்லை. நானும் அதற்குத்தானே கால்குலேட்டர் ஓட்டினேன்.

மூன்றாவது கொஞ்சம் கடினம், அதுவும் தமிழன் என்கிற முறையில். எழுத்துத் திரை எழுத்துத் திரை என்கிறாயே, யாருடைய எழுத்து? கட்டத்துக்கு ஒன்று என்பது ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. "கொ" என்று எழுத ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இதை எத்தனை கட்டத்தில் வைப்பது? பல டெர்மினல்களில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் வெட்டுப்பட்ட ககரம். எம்எல்டெர்ம் மாதிரி சில டெர்மினல்கள் இந்திய மொழிகளுக்காக மெனக்கெட்டிருக்கின்றன, ஆனால் அவை விதிவிலக்கு. இங்கே மராத்தியும் ஹிந்தியும் அதே அடி வாங்குகின்றன. கிராஃபிக்ஸ் மென்பொருளிலோ தமிழ் அழகாக உட்காருகிறது. ஆக டெர்மினலுக்குள் கிராஃபிக்ஸ் வந்தால் நமக்குத்தானே லாபம்?

நியாயமான கேள்வி. ரொம்ப நாள் எனக்கும் பதில் தெரியவில்லை. பதிலைக் கொடுத்தது பாவுதான். ஒரு மராத்திக் கடிதம் லினக்ஸ் டெர்மினலில் கண்டபடி சிதறிக் கிடந்தது. என்னால் படிக்க முடியவில்லை, இத்தனைக்கும் தேவநாகரி எனக்குத் தெரியும். அதையே அவருடைய ஸ்கிரீன் ரீடரிடம் கொடுத்தால் அட்சரம் பிசகாமல் வாசிக்கிறது. திரையில் வரைந்ததுதான் கோணல். அடியில் யூனிகோட் எண்கள் வரிசை தப்பாமல் இருக்கின்றன. வரைவதைச் சரி செய்வது ஒரு நல்ல எழுத்துரு வேலை, இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு நடந்துவிடும். எண்களையே தூக்கி எறிந்துவிட்டு அழகான படத்தைக் கொடுத்தால், எனக்குக் கடிதம் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது. இதில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பிரௌஷையும் கார்போனிலையும் நான் வேறு தட்டில் வைப்பது இதனால்தான். இரண்டுமே பக்கத்தில் உள்ள படங்களைப் பொட்டுகளாக்கினாலும், எழுத்தை எழுத்தாகவே டெர்மினலுக்கு அனுப்பப் பார்க்கின்றன. பிரௌஷ் பிறந்ததே மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்காக. கனமான வேலையைத் தூரத்து சர்வர் செய்யும், உங்களுக்கு எழுத்து மட்டும் வரும். கட்சிரோலியில் எனக்கு அது கிடைத்திருந்தால் கும்பிட்டிருப்பேன். கஷ்டமான வழி அது. எல்லாவற்றையும் படமாக்கி அச்சடிப்பது சுலபமான வழி.

கிராஃபிக்ஸ் மென்பொருள்களுக்கும் அந்தக் கஷ்டமான வழி திறந்தேதான் இருக்கிறது. ஒழுங்காக எழுதிய எந்த மென்பொருளும் தன் ஜன்னலைப் படமாக வரைவதோடு நிற்பதில்லை. "இது ஒரு பட்டன், பெயர் சரி, இது ஒரு பெட்டி, பெயர் தொகை, உள்ளே 5,000" என்று ஒரு மரம் மாதிரி விவரப் பட்டியலையும் கையில் வைத்திருக்கிறது. விண்டோஸில் அதற்கு யுஐ ஆட்டோமேஷன் என்று பெயர், லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ. ஸ்கிரீன் ரீடர்கள் படிப்பது அந்த மரத்தைத்தான். டெர்ம்.எவ்ரிதிங் மாதிரி தரகர்கள் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மரத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். படத்தை விட்டுவிட்டு மரத்தை எடுத்து வாருங்கள் என்கிறேன். அதை டெர்மினலில் எழுத்தாக விரியுங்கள். தொகை என்று எழுதி, பக்கத்தில் 5,000 என்று எழுதி, கீழே சரி, ரத்து. 1,920 எழுத்தில் அடங்கும். கண்ணுள்ளவன் படிப்பான், காதுள்ளவர் கேட்பார், விரலுள்ளவர் தடவுவார். வங்கி மென்பொருள் முக்கால்வாசி இப்படிப் பெட்டியும் பட்டனும்தான். அதில் சூரிய அஸ்தமனம் ஒன்றும் வரைவதில்லை. மென்பொருளை எழுதியவர் பெட்டிக்குப் பெயரே வைக்கவில்லை என்றால் மரமும் ஊமைதான், ஒப்புக்கொள்கிறேன். அப்போதாவது யார் வேலை பாக்கி என்பது வெளியே தெரியும்.

2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், டிஜிட்டல் வசதி கிடைப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று சொல்லி, கேஒய்சி முறைகளை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற 20 கட்டளைகள் போட்டது. கண் சிமிட்டச் சொல்லி போட்டோ எடுக்கும் கேஒய்சியில் ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்கள் என்ன செய்வார்கள் என்பது அந்த வழக்கு. தீர்ப்பு வந்ததும் எங்கள் சர்க்குலர்களில் வாடிக்கையாளர் வசதி பற்றிப் பக்கம் பக்கமாக வந்தது, நல்ல விஷயம். கௌண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் திரை பற்றி நான் படித்தவரை ஒரு பத்திகூட இல்லை.

பாவு இப்போது போன் எடுக்கிறார். லாக்கர் சாவி ரிஜிஸ்டர் பற்றி யாராவது கேட்டால் ஆள் அனுப்புகிறார். சம்பளம் அதே சம்பளம், இன்க்ரிமெண்ட் எல்லாம் வருகிறது. மாதக் கடைசியில் சஸ்பென்ஸ் கணக்கு ஒத்துவராதபோது நான் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு என்ட்ரிகளை வாய்விட்டுப் படிக்கிறேன், அவர் கண்டுபிடிக்கிறார். இருபது வருஷ சர்வீஸ் உள்ள ஒரு அதிகாரி ஸ்கிரீன் ரீடராகப் பணியாற்றுகிறேன். என் வேகம் அவருக்குப் போதவில்லை, அதையும் சொல்லிவிட்டார்.

வழி இல்லாமல் இல்லை. படத்தை அனுப்பும் சர்வரிலேயே ஒரு ஸ்கிரீன் ரீடரை நிறுவி, அதன் பேச்சை இங்கே திருப்பிவிடலாம். என்விடிஏ இலவசம், 2025.1 பதிப்பிலிருந்து தூரத்து மெஷினோடு பேசும் வசதி அதற்குள்ளேயே வருகிறது. ஜாஸிலும் இரு முனையிலும் நிறுவி ஓட்டலாம். இதைத்தான் எழுதிக் கொடுத்தோம், மூன்று பக்கம், இணைப்புகளோடு. சர்வரில் புதிய மென்பொருள் நிறுவ செக்யூரிட்டி கமிட்டி ஒப்புதல் வேண்டுமாம். டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கிறது. அடுத்த மாதம் மூன்றாவது வாரத்தில் ஒருவர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரம் பாவுவின் தங்கை மகள் நிச்சயதார்த்தம், வர்தாவில். காலையில் போய்விட்டு மதியத்துக்குள் கிளைக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்கிறார்.